அது அடியில சேராதுங்க

போன வாரம் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோன அன்புச்செல்வி, இந்த வாரமும் கணவனிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். திருச்செங்கோட்டில் ஒரு பெண்டாட்டி இப்படி ஊமையானால், காரணத்தை யாரும் விசாரிப்பதில்லை. தெரிந்த காரணம்தான்.

ராசப்பன் மறுபடியும் குடிக்கிறார்.

வயசுக் காலம் முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று போர் போட்டுத் திரிந்த மனிதர். போட்ட போருக்குச் சமமாகக் குடித்தவர். போன வருசம் தைப்பூசத்தோடு நிறுத்தினார். ஊரே ஆச்சரியப்பட்டது. அந்த ஆச்சரியம் இப்போது கெட்டுவிட்டது. ஒரு மாதமாக நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. பகலெல்லாம் தூக்கம். பேச்சுக்கு நடுவில் வார்த்தை தொலைந்து போகிறது.

"நான் தொடலை புள்ள" என்று பெண்டாட்டியிடம் சத்தியம் செய்தார். அதையும் குழறிக்கொண்டுதான் செய்தார். அந்தச் சத்தியமும் அவருக்கு எதிரான சாட்சியாகிப் போனது.

மகள் தனப்பிரியாவுக்குச் சாட்சியே தேவைப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். உயிர் வேதியியல் படித்துவிட்டு, நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவாள், அதுவும் அம்மாவுக்காக. அப்பா குடித்த காலத்தில் அந்த வீட்டில் பறந்த பாத்திரங்களின் சத்தம் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அன்று காலை வேலையில் இருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. முருகானந்தம், அம்மாவின் தம்பி.

"அம்மிணி, உங்கொப்பன் பஸ் ஸ்டாண்டுல தரையில உக்காந்துட்டிருக்கறாரு. ஊரே நின்னு பாக்குது. நீ வந்து அள்ளிக்கிட்டுப் போ."

"நீங்கதான் அங்க நிக்கறீங்களே. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"உங்கம்மா இன்னிக்கு உள்ள உடமாட்டேங்கறா. எனக்கென்ன, எனக்குச் சோலி இல்லையா?"

பர்மிஷன் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அப்பாவைக் கேட்க வேண்டிய கேள்விகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். எலச்சிபாளையம் தாண்டும்போது ஒவ்வொன்றும் கத்தி மாதிரி தயாராக இருந்தது.

டீக்கடைப் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ராசப்பன். சுற்றிலும் ஒரு கூட்டம். அதற்கும் தள்ளி, வெள்ளைச் சட்டை கசங்காமல், யாரோ எவரோ என்பதுபோல் நின்றிருந்தார் முருகானந்தம்.

"எந்திரிங்கப்பா. மானம் போகுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க முயன்றார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

"வா... வந்துட்டியா கண்ணு."

அவரைத் தூக்கக் குனிந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். ஆனால் மூச்சை எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? விட்டாள், இழுத்தாள். திருநீறும் டீயும்தான் மணந்தன. இன்னும் கிட்டே போய் மோந்து பார்த்தாள். வேறெந்த வாடையும் இல்லை.

அப்போதுதான் காலைக் கவனித்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக இருந்தது. பாதமெல்லாம் கருகருவென்று மண்.

"செருப்பு எங்கப்பா?"

"போட்டிருக்கறேனே."

"இடது காலுல?"

அவர் அந்தக் காலையே பார்த்தார். "போட்டிருக்கறேனே கண்ணு" என்றார்.

இன்னொரு செருப்பு ராசிபுரம் பஸ் நிற்கும் இடத்தில் கிடந்தது. அங்கிருந்து இங்கு வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். செருப்பு கழன்றதும் தெரியவில்லை, வெயிலில் தார் சுட்டதும் தெரியவில்லை.

தனப்பிரியா சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் நினைவில் இல்லை.

"ரெண்டு கையையும் நேரா நீட்டுங்கப்பா."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "போலீஸ்காரம்மா வந்துட்டாங்கடா. அடுத்தது ஊதச் சொல்லுவாங்க."

கைகள் நீண்டன. வலது கை அப்படியே நின்றது. இடது கை, அவருக்கே தெரியாமல், மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"மாமா, காரை எடுங்க."

"உங்கம்மா..."

"ஊட்டுக்கு இல்ல. சேலத்துக்கு."

"சேலத்துக்கா? குடிய மறக்க வெக்கற எடமா?"

"தலைக்கு ஸ்கேன் எடுக்கற எடம். எடுக்கறீங்களா, இல்ல நானே ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"படிச்ச திமிரு" என்று முணுமுணுத்துக்கொண்டே முருகானந்தம் காரை எடுத்தார். திமிர் என்றாலும் கார் நகர்ந்ததே, அது போதும்.

சங்ககிரி தாண்டியதும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான போறீங்க? அங்கயே ஊதச் சொல்லிப் பாரு" என்றாள் அன்புச்செல்வி. "நான் வரலை. ஒரு தடவை நம்பினேன், போதும்."

வரவில்லை என்றவள் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள் என்பது அப்போது தனப்பிரியாவுக்குத் தெரியாது.

சேலம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைக் காட்டிய டாக்டர் மைதிலிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தனப்பிரியாவுக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

"இங்க பாருங்க. வலது பக்கம், பிறை மாதிரி இருக்கே, இது ரத்தம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல தேங்கியிருக்கு. புதுசு இல்ல, சில வாரமா மெல்லக் கசிஞ்சு சேர்ந்தது. மூளையையே அந்தப் பக்கமா தள்ளிட்டிருக்கு. அதனாலதான் இடது கை, கால், பேச்சு எல்லாம் இப்படி."

"செத்துருவாரா?"

கேட்டுவிட்டுத்தான் தன் குரல் எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. இருபத்துநாலு வருசத்தில் எத்தனையோ தடவை "செத்துத் தொலையட்டும்" என்று நினைத்திருக்கிறாள். அதே வார்த்தைதான். இப்போது 'இல்லை' என்ற பதிலுக்காக டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கே வடிச்சுட்டா பெரும்பாலும் நல்லா ஆயிடுவார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா தூங்கினவர் எழுந்திருச்சிருக்க மாட்டார். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க."

கதவு திறந்தது. கூடையும் பிளாஸ்க்குமாக நின்றாள் அன்புச்செல்வி. கூடையில் மாற்று வேட்டி, துண்டு. முகத்தில் வைராக்கியம் கொஞ்சமும் குறையவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு மத்ததெல்லாம் வேண்டாம். குடிச்சிருக்கறாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"ரத்தத்துல துளி ஆல்கஹால் இல்லம்மா. ஆனா மூளைக்கு மேல ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணணும்."

"குடிக்கலையா?"

"இல்ல."

"குடிக்கவே இல்லையா?"

"இல்லம்மா. நான் சொல்றது புரியுதா? மூளைல..."

அன்புச்செல்வி கூடையைத் தரையில் வைத்தாள். அதன் பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்தாள். ரெண்டு கையையும் கூப்பினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "குடிக்கலையா... ஐயோ சாமி, குடிக்கலையா..." புருசன் மண்டைக்குள் ரத்தம் என்று சொல்லும்போது கைகூப்பி நன்றி சொல்கிற பெண்ணை அந்த டாக்டர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு எழுந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரிடம் போனாள்.

"ஏனுங்க" என்றாள்.

ராசப்பன் கண்ணைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"பசிக்குதுங்களா?"

அவர் தலையசைப்பதற்குள் நர்ஸ் ஓடிவந்தாள். "அம்மா! பச்சைத் தண்ணி கூடக் குடுக்கக் கூடாது. பிளாஸ்க்கை மூடுங்க!"

டாக்டர் மைதிலி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "ரெண்டு மாசத்துக்குள்ள தலையில அடி பட்டுதா?"

"இல்லைங்க" என்றாள் அன்புச்செல்வி.

"இல்லீங்க" என்றார் முருகானந்தம்.

"வண்டியில விழுந்தாரா? பாத்ரூம்ல வழுக்கிச்சா? நிலைப்படியில இடிச்சுக்கிட்டாரா?"

"ஒண்ணுமே படலைங்க" என்றாள் அன்புச்செல்வி.

"நல்லா யோசிங்க. தானா மயங்கி விழுந்திருந்தா இதயத்தையும் பாக்கணும், அதுக்குத்தான் கேக்கறேன். பெரிய அடியா இருக்கணும்னு இல்ல. வயசாயிடுச்சு, பல வருசம் குடிச்சிருக்கார், மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மேல இருக்கற ரத்தக்குழாய் இழுபட்டு நிக்கும். லேசான அடியே போதும். வெளிய காயம் கூட இருக்காது. வீட்ல எல்லாரும் மறந்துகூடப் போயிடுவாங்க, உள்ள அது பாட்டுக்குக் கசியும்."

ரெண்டு பேரும் மனசாரத்தான் இல்லை என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

ஸ்ட்ரெச்சரில் இருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா... சாமி காய் ஒடச்சது... அடியில சேருமுங்களா?"

"என்ன காய்?" என்றார் டாக்டர்.

"மச்சான், அது அடியில சேராது" என்று அவசரமாகச் சொன்னார் முருகானந்தம். "அது வேண்டுதலு. சேராதுங்க டாக்டர்."

"என்ன காய்?" என்று இந்தத் தடவை தனப்பிரியா கேட்டாள். கேட்ட விதத்தில் நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாமா ஊர்க் காளியாத்தா கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு வேண்டுதல்காரர்கள் வரிசையாக உட்காருவார்கள். பூசாரி ஒவ்வொரு தலையிலும் ஒரு தேங்காயை உடைத்துக்கொண்டே போவார். புருசன் ஒரு வருசம் குடிக்காமல் இருந்தால் அவர் தலையில் காய் உடைப்பதாக வேண்டியிருந்தாள் அன்புச்செல்வி. அவர் இருந்தார். அவள் இந்த ஆடியில் வேண்டுதலைத் தீர்த்தாள். காய் ஒரே போடில் ரெண்டாக உடைந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆத்தா மனசு குளிர்ந்துவிட்டாள் என்று பொங்கல் வைத்து வீட்டுக்கு வந்தார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கத்துவீன்னுதான்" என்றாள் அம்மா.

"கத்தாம? மரத்துல இருந்து ஒரு காய் விழுந்தா ஐயோன்னு ஓடறீங்க. அதே காய் பூசாரி கையில இருந்து விழுந்தா அருளா? மண்டைக்கு என்னம்மா தெரியும், எது மரம், எது பூசாரின்னு?"

"ஆத்தாளைப் பேசாத" என்றார் முருகானந்தம். "நானும் நாலு வருசமா வருசா வருசம் ஒடச்சுக்கறேன். எனக்கென்ன ஆயிப்போச்சு?"

"அதுதான் தெரியுதுல்ல."

"பாத்தியாக்கா, உம் மவ பேசற பேச்ச!"

"நாலு தடவையா?" டாக்டர் அவரை இப்போதுதான் முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தார். "தலைவலி உண்டா உங்களுக்கு? மறதி? சட்டுனு கோவம் வருதா?"

"தலவலி... அது யாருக்குத்தாங்க இல்லை?"

"நாளைக்கு வந்து என்னைப் பாருங்க."

முருகானந்தம் உச்சந்தலையைத் தடவினார். பிறகு தடவியதை யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி?" என்று ராசப்பனிடம் திரும்பினார் டாக்டர். "வேலையில அடிபட்டிருக்கா?"

"ரிக்குலயா? அதெல்லாம் அடியாங்க... ஸ்பேனர் விழுகும். பைப் தட்டும்."

"பைப் தட்டுச்சா?" என்றாள் அன்புச்செல்வி. "போபால் பக்கம், போருக்குள்ள மண்ணு சரியாம எறக்குவாங்களே, அந்தக் காசிங் பைப் அடிச்சு, நினைப்பில்லாம கெடந்தாருங்க. கூட இருந்தவங்கதான் ஊட்டுக்குக் கொண்டாந்து உட்டாங்க. அதுக்கப்புறந்தான் இந்தக் கோவம். தொட்டதுக்கெல்லாம். அப்ப பிரியா மூணாவது படிச்சிட்டிருந்தா."

"ஹெல்மெட்?"

"துண்டைத் தலப்பாவா கட்டிக்குவோமுங்க" என்றார் ராசப்பன். "ஹெல்மெட்டு வெக்கைங்க."

"ஒவ்வொரு அடியும் உள்ள நிக்கும்யா. வெளிய தழும்பு ஆறிடும், உள்ள ஆறாது. மறதி, கோவம், தூக்கம் கெடறது, வலிப்பு, வயசான காலத்துல நினைவே மங்கறது. இப்படி வருசம் கழிச்சுக்கூட வரும்."

தனப்பிரியா குறுக்கிட்டாள். "டாக்டர், இவரு எங்கம்மாவை அடிச்சது, பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சது, இதெல்லாம் அந்தப் பைப்பாலதான்னு சொல்லிடாதீங்க. சுலுவா தப்பிச்சுக்குவாரு."

"சொல்ல மாட்டேன். எது அடி, எது குடி, எது சுபாவம்னு எந்த ஸ்கேன்லயும் தெரியாது."

ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரம் நனைந்தது. தனப்பிரியா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"என்ன பண்ணப் போறீங்க டாக்டரம்மா?" என்றாள் அன்புச்செல்வி.

"மண்டையோட்டுல சின்னதா ரெண்டு துளை போட்டு, ரத்தத்தை வடிச்சுடுவோம்."

ராசப்பனின் கண் மெல்லத் திறந்தது. அன்று காலையிலிருந்து அந்தக் கண்ணில் இல்லாத ஒரு வெளிச்சம்.

"போருங்களா?"

"ஆமா, போர்தான்."

"எத்தன... அடி?"

"அடியெல்லாம் இல்ல. ஒரு சென்டிமீட்டர்கூட வராது."

"காசிங் எறக்க வேண்டாமுங்களா?"

டாக்டர் மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு ட்யூப் வைப்போம். ரெண்டு நாள் இருக்கும்."

"அதாங்க காசிங்." தொழில் தெரிந்த ஆள் கையில்தான் தலையைக் கொடுக்கிறோம் என்ற நிம்மதி அந்த முகத்தில் வந்தது. "தூசி பறக்காம பாத்துப் போடுங்க."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தும்வரை அன்புச்செல்வி அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். உணர்ச்சி குறைந்த அந்தக் கையில் அவள் பிடி அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

பொழுது சாயும் நேரம் டாக்டர் வெளியே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. பழைய இஞ்சின் ஆயில் மாதிரி வந்துது, அத்தனையும் எடுத்தாச்சு. கண் முழிச்சுட்டார், போய்ப் பாருங்க."

தலையில் கட்டு, பக்கத்தில் ட்யூப். முகம் வாடிக் கிடந்தது. நர்ஸ் கேட்டாள், "பேரு சொல்லுங்க ஐயா."

"ராசப்பன்."

நறுக்கென்று வந்தது. ஒரு எழுத்து சிதறவில்லை. 

"கையைத் தூக்குங்க."

ரெண்டு கையும் தூக்கினார். ரெண்டும் அப்படியே நின்றன. நர்ஸ் "போதும், இறக்குங்க" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார். இடது கையை அவரே வேடிக்கை பார்த்தார்.

பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நான் குடிக்கலை புள்ள."

இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"தெரியுமுங்க" என்றாள் அன்புச்செல்வி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "இது திரும்பச் சேர வாய்ப்பு உண்டு. சொல்ற தேதியில ஸ்கேனுக்கு வரணும். தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம், வலிப்பு, எது வந்தாலும் அன்னிக்கே வரணும். குடி வாசமே கூடாது. வண்டியில போனா ஹெல்மெட், பின்னாடி உக்காரறவங்களுக்கும் சேர்த்துத்தான். இனிமே இந்தத் தலையில ஒண்ணும் விழக் கூடாது. சாமி பேரைச் சொல்லியும்தான்."

"உழுகாதுங்க" என்றாள் அன்புச்செல்வி.

வெளியே வராந்தாவில், அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த பிளாஸ்க்கில் காபி அப்படியே இருந்தது. தனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து, மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"உன்ன இன்னிக்குத் திட்ட மாட்டேன். குடி."

"திட்டு சாமி. நாந்தான அவர அங்க கொண்டுபோயி உக்கார வெச்சேன்."

"நாளைக்குத் திட்டறேன். இன்னிக்கு அப்பா பேரை அப்பாவே சொன்னாருல்ல, அது போதும்."

அன்புச்செல்வி காபியை வாங்கினாள், குடிக்கவில்லை. "இன்னொண்ணு இருக்குது. அதையும் சேத்துத் திட்டிக்க."

"என்ன?"

"போன வாரம் உங்கொப்பங்கிட்டக் கோவிச்சுக்கிட்டு, சோத்துத் தட்டத் தள்ளிப்போட்டுட்டு எந்திரிச்சேன். அன்னிக்கு நேரா ஆத்தா கோயிலுக்குத்தான் போனேன். மறுபடியும் இந்தக் குடிய உட வெச்சீனா, வர்ற ஆடிக்கு என் தலையிலயே காய் ஒடச்சுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

தனப்பிரியா காபி மூடியை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மா! அவரு குடிக்கவே இல்லையே! அப்புறம் எதை உட வெக்கறது? அந்த வேண்டுதல் செல்லாது."

பின்னால் நின்றிருந்த முருகானந்தம் தொண்டையைச் செருமினார். "அதெப்படிச் செல்லாது? இப்ப குடிக்காமத்தான இருக்கறாரு? அக்கா கேட்டது கெடச்சிருச்சு. ஆத்தா கடன வெச்சுக்கப்படாது."

"மாமா, நாளைக்கு ஸ்கேனுக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்."

"நான் எதுக்கு வாரேன்?" என்றார் அவர். சொல்லிவிட்டு, நாளைக்கு டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று நர்ஸிடம் கேட்கப் போனார்.

தனப்பிரியா அம்மாவின் பக்கம் திரும்பினாள். நரைத்த வகிடு. நடு உச்சியில் முடி மெலிந்து தோல் தெரிந்தது. இத்தனை நாள் அந்தத் தலையை அவள் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"நீ அந்த வரிசையில உக்காரக் கூடாதும்மா. சொல்லு, உக்கார மாட்டேன்னு."

உள்ளேயிருந்து ராசப்பன் குரல் கேட்டது. "ஏம்புள்ள... அங்க என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லைங்க, வாரேன்" என்று எழுந்தாள் அன்புச்செல்வி. கூடையை எடுத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்தாள். சிரித்த முகமாக்கிக்கொண்டாள்.

"அம்மா. சொல்லிட்டுப் போ."

"ஆடிக்கு இன்னும் எம்புட்டோ நாள் கெடக்குது. பாத்துக்கலாம்."

அந்த வீட்டில் "பாத்துக்கலாம்" என்றால் முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். எந்த முடிவு என்பதை மட்டும் அன்புச்செல்வி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.